தோட்டாவுக்கு அச்சு யார் கையில்?

எங்க வேடசந்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் யூடியூபில் அமெரிக்க வீடியோக்கள் நிறையப் பார்ப்பார். கொஞ்ச நாளைக்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அங்கிட்டு ஆளாளுக்கு வீட்டு ஷெட்டுல உக்காந்து சுட்ட தோட்டாவை மறுபடி ரொப்புறாய்ங்க. அதுக்கு எந்த டை வாங்கலாம்னு மணிக்கணக்கா பேசுறாய்ங்க. அந்த டை ஒண்ணும் பெரிய வித்தையாத் தெரியலையே, நம்ம லேத்துலயே கடைஞ்சிரலாம். நம்ம ஊர்ல ஏன் ஒருத்தனும் செய்யலை?"

சட்டம் விடாது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நடுவில் ஓட்டை உள்ள ஒரு இரும்புத் துண்டைப் பார்த்து அரசாங்கம் ஏன் பயப்பட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தால், அது திண்டுக்கல் மலைக்கோட்டை வழியாக 250 வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தத் தேடலில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

டை என்ன செய்கிறது?

முதலில் அடிப்படை. இன்றைய தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கிளப்பும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துபோகும், குண்டு பறந்துபோகும், கேப் செத்துப்போகும். கூடு மட்டும் மிஞ்சும். தோட்டாவில் விலை கூடிய பாகம் பெரும்பாலும் அந்தக் கூடுதான். அதனால்தான் அதைத் தூக்கிப்போட மனசு வராமல் மறுபடி நிரப்புகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தத்தில் கூடு உப்பி, துப்பாக்கியின் உள்ளறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். பழைய அளவுக்கு வராது. அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவர இறுக்கிப் பிழியும் அச்சுதான் இந்த டை. ஒரு கை அழுத்தி இயந்திரத்தில் அதைத் திருகி மாட்டி, கூட்டை அதற்குள் ஏற்றி இறக்குவார்கள். மரை அளவுகூட அங்கே பொதுவானது: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஒரு கம்பெனியின் டை இன்னொரு கம்பெனியின் அழுத்தியில் உட்காரும்.

மணிக்கணக்காகப் பேசுகிறார்களே, அது எதைப் பற்றி? முக்கியமாக இரண்டு வகை டை. ஒன்று, கூடு முழுவதையும் பிழிந்து பொது அளவுக்குக் கொண்டுவருவது. அப்படி நிரப்பிய தோட்டா அந்த அளவுள்ள எந்தத் துப்பாக்கியிலும் போகும். இன்னொன்று, கழுத்தை மட்டும் பிழிவது. உடம்பு உப்பினபடியே இருக்கும். அது எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டதோ அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியில் போகாமலும் போகலாம். ஆனால் பித்தளை அதிகம் நசுங்காததால் கூடு கூடுதல் தடவை உழைக்கும். வேட்டைக்காரர் பெரும்பாலும் முதல் வகையை எடுப்பார். அட்டையில் குறிபார்த்துச் சுடுகிறவர்களில் பலர் இரண்டாவதை விரும்புவார்கள்.

எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் அச்சு வேண்டுமா, என் துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும் அச்சு வேண்டுமா? கேள்வி அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் மனசில் வச்சுக்கோங்க. இந்தக் கதை முழுக்க இதே கேள்விதான் வேறு வேறு வேஷத்தில் வரப்போகிறது.

ஒரு துப்பாக்கி, ஓர் அச்சு

18-ஆம் நூற்றாண்டுத் திண்டுக்கல் சீமையை எடுத்துக்கொள்வோம். விருப்பாட்சி, கன்னிவாடி, இடையகோட்டை, நம்ம வேடசந்தூருக்குப் பக்கத்து எரியோடு என்று சீமை முழுக்கப் பாளையங்கள். பாளையத்து ஆட்களின் கையில் அதிகம் இருந்தது ஈட்டியும் வாளும் வளரியும்தான். கூடவே திரித் துப்பாக்கிகள்.

அந்தக் காலத்துக் குழல் கொல்லுலையில் அடித்துச் சுருட்டி ஒட்டியது. அதன் துளை இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி கிடையாது. வந்த அளவு வந்ததுதான். அதனால் குண்டு வார்க்கும் அச்சு அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்டது. குறடு மாதிரி இரண்டு பாதி. மூடினால் நடுவில் உருண்டையாக ஒரு குழி. உலகம் முழுக்கவே அன்றைக்கு இதுதான் வழக்கம். துப்பாக்கி வாங்கினால் கூடவே அதன் அச்சும் வரும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும். குண்டு செய்வது அடுப்படி வேலையாக இருந்தது.

துளையின் அளவைச் சொல்லும் முறையும் அந்த ஈயத்திலிருந்தே வந்தது. ஒரு பவுண்டு ஈயத்தில் சம எடையுள்ள 12 உருண்டை வார்த்தால், அந்த உருண்டை போகிற குழல்தான் 12 போர். இன்றைக்கும் தோட்டக்காரர்கள் "பன்னெண்டு போர்" என்று சொல்வது அந்த ஈயக் கணக்கைத்தான். அங்குலத்தில் சொன்னால் சுமார் 0.729.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பூட்டைக் காட்டினால் போதும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டின் பெருமையே அது ஒவ்வொன்றும் கையால் ராவி, தன் சாவிக்கென்று பொருத்தப்பட்டது என்பதுதான். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. அன்றைய துப்பாக்கியும் அப்படித்தான். அச்சு தொலைந்தால் சாவி தொலைந்த பூட்டு மாதிரி.

இதில் ஓர் அரசியல் அர்த்தம் இருக்கிறது. ஈயம் கடையில் கிடைத்தது. வெடியுப்பு உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தது. அதையே தொழிலாகக் கொண்ட உப்பிலியர் இருந்தார்கள். கரிக்குப் பஞ்சமில்லை. அச்சு வீட்டில் இருந்தது. துப்பாக்கி வைத்திருந்த குடியானவனுக்குச் சுட வேண்டுமென்றால் யாரையும் கேட்க வேண்டிய தேவை இல்லை.

மலைக்கோட்டையில் வந்த ஆலை

1755-இல் மைசூர் அரசின் ஃபௌஜ்தாராக ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்குவது வேலை. அதற்கு அவர் செய்த முக்கியமான காரியம், பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்து இங்கே ஓர் ஆயுதச் சாலையும் பீரங்கிப் படையும் உண்டாக்கியது. பின்னாளில் கும்பினியை நடுங்க வைத்த மைசூர்ப் படைக்கு ஒத்திகை நடந்தது நம்ம திண்டுக்கல்லில்தான்.

ஆயுதச் சாலை என்றால் வெறும் கிட்டங்கி இல்லை. அது வேறொரு சிந்தனை. ஆயிரம் பேருக்கு ஆயிரம் அச்சு கொடுத்துப் போருக்கு அனுப்ப முடியாது. ஒரே குண்டு எல்லோர் குழலிலும் போக வேண்டும். ஐரோப்பியப் படைகள் இதற்கு ஒரு முரட்டு வழி கண்டுபிடித்திருந்தன. கும்பினிச் சிப்பாய் தூக்கிய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் துளை சுமார் 0.75 அங்குலம். அதற்குக் கொடுத்த குண்டு சுமார் 0.69 அங்குலம் மட்டுமே. வேண்டுமென்றே தொளதொளப்பாக விட்டார்கள். குழல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், கரி படிந்து அடைத்திருந்தாலும் குண்டு இறங்கிவிடும். குறி தப்பும், பரவாயில்லை, நூறு பேர் சேர்ந்து சுட்டால் பத்தாவது படும். மருந்தும் குண்டும் காகிதத்தில் சுருட்டி முன்கூட்டியே தயார் செய்த தோட்டாவாக வந்தன.

ஆக, பாளையக்காரனின் அச்சு 'எனக்கு மட்டும்'. படையின் அச்சு 'எல்லோருக்கும்'. தனித்தனியாகப் பார்த்தால் முதலாவது நன்றாகச் சுடும். மொத்தமாக ஜெயித்தது இரண்டாவது.

மலைக்கோட்டை பிறகு பல தடவை கை மாறியது. 1767, 1783, 1790 என்று கும்பினி மூன்று முறை பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு திண்டுக்கல் நிரந்தரமாகக் கும்பினிக்குப் போனது. அதற்குப் பிறகும் அடங்காதவர்களில் ஒருவர் விருப்பாட்சி கோபால் நாயக்கர். 1801-இல் அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள்.

அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் இனி ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒப்படைக்க வேண்டும் என்பது சாரம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-லேயே மேஜர் பானர்மேன் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பிடுங்கவும் உத்தரவிட்டிருந்தார். 1801 அதையே தென்சீமை முழுவதற்குமான கொள்கையாக்கியது.

கொழுப்பும் காகிதமும்

அடுத்த கட்டம் 1857. இந்தக் கதை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது: புது என்ஃபீல்டு ரைஃபிள், பசு, பன்றிக் கொழுப்பு, பல்லால் கடிக்க வேண்டிய தோட்டா. பாடத்தில் வராத ஒரு சின்ன விஷயம் உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டமில் முணுமுணுப்புக் கிளம்பியதும், 1857 ஜனவரி கடைசியில் அரசாங்கம் ஒரு சலுகை கொடுத்தது. சிப்பாய்கள் தங்கள் தோட்டாவுக்கு வேண்டிய பிசுக்கைத் தாங்களே வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்றது. எண்ணெயோ தேன்மெழுகோ, உங்கள் இஷ்டம். கடைசிக் கட்ட வேலையை மட்டும் உங்கள் கையில் தருகிறோம் என்பதுதான் அதன் பொருள். அது எடுபடவில்லை. எங்கோ ஆலையில் எவனோ செய்ததை நம்பி வாயில் வைக்க முடியாது என்ற சந்தேகம் வந்த பிறகு, கடைசிக் கட்டம் கையில் இருந்து என்ன பயன்?

கலகத்தை அடக்கிய பிறகு அரசாங்கம் செய்தது இன்னும் விசேஷம். இந்தியச் சிப்பாய்களுக்கு என்ஃபீல்டு போலவே தோன்றும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ஆனால் உள்ளே முறுக்கு வரி கிடையாது, வழவழக் குழல். வெளியே புதுசு, உள்ளே தாத்தா காலத்துச் சரக்கு. துப்பாக்கியைப் பிடுங்காமலே அதன் பல்லைப் பிடுங்க முடியும் என்று அரசாங்கம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

ஈயம் வெளியே, அச்சு உள்ளே

இந்தப் பாடம் சட்டமாக வந்தது 1878-இல், வைசிராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டத்தில். அதில் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தது தோட்டாவுக்கான விளக்கம்தான். கேப், தக்கை, திரி, தோட்டாவின் எல்லாப் பாகங்களும் தோட்டா. தோட்டா செய்யும் இயந்திரங்களும் தோட்டா. ஆனால் ஈயம், கந்தகம், வெடியுப்பு மூன்றும் தோட்டா அல்ல என்று அந்த விளக்கமே விலக்கிவிடுகிறது. வேண்டுமானால் 'ராணுவச் சரக்கு' என்ற தலைப்பில் அவற்றையும் கட்டுப்படுத்த அரசாங்கம் அதிகாரம் வைத்துக்கொண்டது, அது வேறு. சாதாரண நாளில் அவை கடைச்சரக்கு.

காரணம் புரிகிறது. வெடியுப்பு உரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் வேண்டும், கந்தகம் மருந்துக்கு வேண்டும், ஈயம் பாத்திரக்காரனுக்கு வேண்டும். பொருளைத் தடுத்தால் பஜாரே நின்றுவிடும். அதனால் பொருளை விட்டுவிட்டு உருவத்தைப் பிடித்தார்கள். ஈயத்தைத் தோட்டாவாக மாற்றுகிற கருவியைப் பிடித்தால் போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 ஆயுதச் சட்டம் அந்தக் கருவிப் பிடியை விடவில்லை. அதன் 2-ஆம் பிரிவு இன்றைக்கும் தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்யும் இயந்திரத்தையும் 'தோட்டா' என்றே சொல்கிறது. லேத் அண்ணனின் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. மருந்து ஒரு துளி இல்லாத, குண்டு ஒன்றுகூட இல்லாத அந்த இரும்புத் துண்டைக் கடைந்தாலே அது இந்தியச் சட்டத்தின் பார்வையில் தோட்டா விவகாரம். லைசென்ஸ் இல்லாத தயாரிப்புக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள் தண்டனை. "அண்ணே, பம்ப் செட்டுக்குப் புஷ் கடையிறதோட நிறுத்திக்குவோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அளவே சட்டமானபோது

1878 சட்டம் லைசென்ஸ் உள்ளவனைத் தடுக்கவில்லை. வெள்ளைக்காரத் துரை, ஜமீன்தார், எஸ்டேட்காரர் எல்லாம் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பினார்கள். 12 போர் காகிதத் தோட்டா மழைக்காலத்தில் ஊறி உப்பிக்கொள்ளும். அதனால் திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பித்தளைக் கூடுகளுக்கு இந்தியாவில் மவுசு இருந்தது.

அவர்களுக்கும் ஒரு வேலி போட்டார்கள். அது அளவு வேலி. பட்டாளத்தின் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குழல் .450 அங்குலம். தனியார் அதே அளவில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தால், அதற்கான தோட்டாவோ குண்டோ கலகக்காரர் கைக்குப் போகும் என்று பயந்து, 1900-களின் முதல் பத்தாண்டில் .450 அளவை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய சந்தை. உடனே .465, .470, .475, .476 என்று அளவைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவைத்துப் புதுத் தோட்டாக்களைக் கொண்டுவந்தார்கள். உலகப் புகழ்பெற்ற .470 யானைத் தோட்டா பிறந்தது இந்தியச் சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடிப்பதற்காகத்தான். அங்குலத்தில் நூற்றில் இரண்டு பங்கு தள்ளினால் சட்டம் வேறு, டை வேறு, தோட்டா வேறு.

பட்டாளம் .303 ரைஃபிளுக்கு மாறியதும் அதே கதை திரும்பியது. .303 தனியாருக்கு மறுக்கப்பட்ட அளவு. அந்த இடத்தை நிரப்பியது .315. மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் ஆலை செய்யும் .315 வேட்டை ரைஃபிளைப் பார்த்தால் லீ-என்ஃபீல்டின் தம்பி என்று தெரியும். உடம்பு அதேதான், வாய் மட்டும் வேறு. தோட்டா, ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் வம்சம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த உதாரணம் .410 போலீஸ் மஸ்கட். .303 ரைஃபிளின் முறுக்கு வரிகளைக் கடைந்தெடுத்து, குழலை .410 அளவுக்கு அகலமாக்கி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும்படி மாற்றி, காவலர் கையில் கொடுத்தார்கள். அதன் தோட்டாவை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? .303 கூட்டின் கழுத்தைக் குறுக்காமல் நேராக விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். கழுத்தைப் பிழியும் அந்த ஒரு டை விடுபட்டதால், ஆயிரம் கெஜம் போகிற தோட்டா பக்கத்தில் நிற்கிற கூட்டத்தைக் கலைக்கிற தோட்டாவாக மாறிவிட்டது. யாராவது அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் அதில் பட்டாளத் தோட்டா உருப்படியாக வேலை செய்யாது. 1857-க்குப் பிறகு கற்ற பாடத்தின் கச்சிதமான வடிவம் இது.

இன்றைக்கும் நம் லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கிற 'தடை செய்த போர்', 'தடை செய்யாத போர்' என்ற பாகுபாட்டுக்கு வேர் இங்கேதான்.

கேப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1860-களில் இரண்டு வகை வந்தன. அமெரிக்கர் பெர்டனின் வகையில் கூட்டின் அடியில் இரண்டு சின்ன ஓட்டை. ஆங்கிலேயர் பாக்ஸரின் வகையில் நடுவில் ஒரே ஓட்டை. செத்த கேப்பை ஒரு ஊசியால் உள்ளிருந்து தள்ளிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா ஆங்கிலேயர் வகையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பியப் பட்டாளங்கள் அமெரிக்கர் வகையை எடுத்துக்கொண்டன. .303 ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலானவை பெர்டன் வகை. அதனால் அமெரிக்காவில் வீட்டில் நிரப்புவது சுலபமான பொழுதுபோக்காக வளர்ந்தது. 1943-இல் போர்க்காலப் பஞ்சத்தில் கலிபோர்னியாவில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் குண்டு பிழியும் டை செய்து ஆரம்பித்ததுதான் இன்றைய பிரபலமான ஆர்.சி.பி.எஸ். கம்பெனி. அதே காலத்தில் நம் பக்கம் நிலைமை நேர் எதிர். மருந்து அருவங்காட்டில் 1904-இலிருந்து அரசாங்கக் கார்டைட் ஆலையில், தோட்டா புனேக்குப் பக்கத்துக் கிர்க்கியில், ரைஃபிள் இஷாப்பூரில். பிறகு 1966-இல் நமக்குப் பக்கத்திலேயே திருச்சியில் ஒரு படைக்கல ஆலை வந்தது. எல்லா அச்சும் அரசாங்கக் காம்பவுண்டுக்குள்.

அச்சே வேண்டாத துப்பாக்கி

அப்படியானால் அரசாங்கம் ஜெயித்துவிட்டதா? பாதிதான்.

நம் பக்கத்துப் பேப்பரில் அடிக்கடி வரும் செய்தியை நினைத்துப் பாருங்கள். "நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்." சிறுமலையோ கொடைக்கானல் கீழ்மலையோ, இடம் மாறும், சரக்கு மாறாது. இந்தத் துப்பாக்கிக்குக் கூடு கிடையாது. அதனால் டை கிடையாது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி இடிக்கிற, கோபால் நாயக்கர் காலத்துத் தொழில்நுட்பம். சைக்கிள் கடை பால்ரஸ் வந்த பிறகு குண்டு வார்க்கும் அச்சுகூடத் தேவையில்லை.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உருவத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம், உருவம் தேவைப்படும் நல்ல கருவியைத் தடுத்தது. உருவமே தேவைப்படாத மோசமான கருவி சட்டத்தின் வலையில் சிக்காமல் தங்கிவிட்டது. வீட்டில் தோட்டா நிரப்புவது நம் நாட்டில் ஒழியவே இல்லை. 1750-இல் எந்த நிலையில் இருந்ததோ அங்கேயே உறைந்து நிற்கிறது. குழல் வெடித்தால் போவது சுடுகிறவன் கண்ணும் கையும். குறி தப்பினால் காட்டில் எதுவும் சாகலாம், யாரும் சாகலாம்.

இதன் பாரம் சமமாக விழவில்லை. நரிக்குறவர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி பிழைப்புக் கருவியாக இருந்தது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பிழைப்புச் சட்டவிரோதமானது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் போனது ஐம்பது வருஷம். இன்னொரு பக்கம் குடகைப் பாருங்கள். 1857-இல் விசுவாசமாக இருந்ததற்காகக் கொடவர்களுக்கு 1861-இல் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. அந்த விலக்கு சுதந்திர இந்தியாவிலும் தொடர்கிறது. 2019-இல் இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தார்கள். பாளையக்காரன் எதிர்த்தான், பறிகொடுத்தான். பக்கத்து மலைநாடு எதிர்க்கவில்லை, வைத்துக்கொண்டது. ஆயுதம் யாரிடம் இருக்கலாம் என்பது 19-ஆம் நூற்றாண்டில் விசுவாசக் கணக்கு. அந்தக் கணக்கின் மிச்சம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயியின் இன்றைய பிரச்சினை காட்டுப்பன்றி. ஒரே ராத்திரியில் கடலைக் காட்டையும் மக்காச்சோளத்தையும் உழுதுபோட்டுவிடும். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று அறிவித்தது. சுடுவது பயிற்சி பெற்ற அரசு ஊழியர், விவசாயி அல்ல. 1801-க்குப் பிறகு வந்த எல்லா அரசாங்கங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

வீட்டுக்கு வீடு அழுத்தி இயந்திரமும் டை செட்டும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடவூர்க் காட்டில் தேவாங்குக்கு 2022-இல் சரணாலயம் அறிவித்ததில் சந்தோஷப்பட்டவன் நான். நம் தாலுகாவும் அதில் வருகிறது. அந்தக் காட்டுக்குள் இன்னும் நாலு நல்ல துப்பாக்கி போக வேண்டாம். ஆனால் கட்டுப்பாட்டை மெச்சுகிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அச்சைப் பூட்டி வைத்தால் ஆயுதம் போய்விடும் என்று 1878-இல் நினைத்தவர்கள், அச்சில்லாத துப்பாக்கி 150 வருஷம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போடவில்லை. பயிருக்கு இழப்பீடு நேரத்துக்கு வந்து, பன்றி விரட்ட ஆள் கூப்பிட்டதும் வந்தால், ஒரு விவசாயிக்குக் கரிமருந்தின் மேல் என்ன ஆசை? துப்பாக்கியை அவன் கையிலிருந்து இறக்கி வைக்கப் போவது அந்த ஏற்பாடுதான்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு. அந்த வரிசையில் நிற்பது ஆலைத் தோட்டா வாங்க வசதியுள்ளவர்களின் துப்பாக்கி. கரிமருந்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை எந்த வரிசைக்கும் வருவதில்லை.